ஒரே சொனாட்டா, பல பியானோக்கள்: பதிவுகளை ஒப்பிட்டுக் கேட்கத் தொடங்குவோருக்கு

மேற்கத்திய செவ்விசைக்குப் புதிதாக வருகிறவர்கள் சீக்கிரமே ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஏதோ ஒரு பியானோத் துண்டு பிடித்துப்போகும். அதன் பெயரைப் போட்டுத் தேடினால் முப்பது நாற்பது பேர் வாசித்த பதிவுகள் வரிசையாக வந்து விழும். எது நல்லது? தெரிந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். கடைசியில், முதன்முதலில் காதில் விழுந்த பதிவே அசல் ஆகிவிடும். மற்றவர்கள் எல்லாரும் அதைக் கெடுத்து வாசிப்பதாகத் தோன்றும்.

இந்தப் பிடியிலிருந்து வெளியே வர எளிய வழி ஒன்று உண்டு. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும் பரோக் காலத்து (ஏறக்குறைய 1600இலிருந்து 1750வரை) துண்டு ஒன்றை எடுங்கள். அதில் மூன்றே மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு, அந்த இடங்களை நான்கு பேர் எப்படி வாசிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஸ்டாஃப் நோட்டேஷன், அதாவது மேற்கத்திய இசைக்குறிகள், படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பியானோ வாசிக்கத் தெரிய வேண்டியதும் இல்லை. ஒரு ஹெட்ஃபோன், ஒரு நோட்டு, ஓய்வான மாலைப்பொழுது இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

ஏன் பரோக்? அதில் எழுதி வைத்திருப்பது குறைவு. பீத்தோவனும் ஷோப்பானும் எங்கே சத்தம் கூட வேண்டும், எங்கே தேய வேண்டும், எங்கே வேகம் குறைய வேண்டும் என்று தாளிலேயே நிறைய எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு முந்தைய தலைமுறை அப்படியல்ல. டொமெனிகோ ஸ்கார்லாட்டியின் சொனாட்டாக்களை எடுத்துக்கொண்டால், ஸ்வரங்கள் இருக்கும், தாளம் இருக்கும், தொடக்கத்தில் வேகத்துக்கு ஒரு சொல் இருக்கும், ஆங்காங்கே டிரில் என்ற அதிரும் அலங்காரத்தைப் போடச் சொல்லும் குறி இருக்கும். மெல்ல வாசி, பலமாக வாசி என்ற குறிப்பு அநேகமாக இல்லவே இல்லை. ஆகவே பதிவில் நீங்கள் கேட்கும் ஏற்ற இறக்கம் எல்லாமே வாசிப்பவர் எடுத்த முடிவு. அந்த முடிவுகளைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. யார் பெரியவர் என்ற பஞ்சாயத்தெல்லாம் அப்புறம்.

துண்டைத் தேர்ந்தெடுப்பது

ஸ்கார்லாட்டி 1685இல் நேப்பிள்ஸில் பிறந்தவர். பாக், ஹாண்டல் இருவரும் பிறந்த அதே ஆண்டு. போர்ச்சுகல் இளவரசி மரியா பார்பராவுக்கு இசை ஆசிரியராக இருந்தார். அவள் 1729இல் ஸ்பெயின் இளவரசரை மணந்துகொண்டு போனபோது இவரும் கூடவே போய், 1757இல் மாட்ரிடில் இறக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டார். 555 சொனாட்டாக்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை மூன்றிலிருந்து ஆறு நிமிடம். சொனாட்டா என்றதும் மூன்று நான்கு பகுதிகள் கொண்ட பெரிய அமைப்பை நினைக்க வேண்டாம். இவருடையது ஒரே பகுதி. அதில் இரண்டு பாதிகள். ஒவ்வொரு பாதியும் இரண்டு தடவை. அவ்வளவுதான்.

முதல் துண்டாக கே. 380, ஈ மேஜர் சொனாட்டாவைச் சிபாரிசு செய்வேன். மூன்று அடித் தாளம், ஆண்டாந்தே கோமோதோ என்ற வேகம்: சாவகாசமான நடை. ஓடாத துண்டு என்பதால் புதிய காதுக்கு எல்லாமே தெளிவாக விழும். தவிர, பெரிய கலைஞர்கள் பலர் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தொடக்கத்தில் சின்னச் சின்ன டிரில்களோடு ஒரு மெட்டு. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் கொம்பும் முரசும் ஒலிப்பதுபோல ஒரு தாள உருவம் வந்து சேரும். இதைக் கேட்டு ஊர்வலம் என்று செல்லப்பெயர் வைத்தவர்களும் உண்டு.

எண்ணைச் சரிபார்ப்பது

தேடுவதற்கு முன்னால் இந்த எண் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கே. என்பது ரால்ஃப் கிர்க்பாட்ரிக் 1953இல் வெளியிட்ட வரிசை எண். அதற்கு முன் அலெஸ்ஸாண்ட்ரோ லாங்கோ என்ற இத்தாலியர் பதிப்பித்த வரிசைதான் வழக்கில் இருந்தது. அது எல். என்று வரும். பழைய இசைத்தட்டுகளில் பெரும்பாலும் அந்த எண்தான் இருக்கும். நம்முடைய கே. 380தான் எல். 23. சில இடங்களில் பி. என்று இன்னொரு எண்ணும் தென்படும். அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

இன்னொரு வில்லங்கம், மொஸார்ட்டின் படைப்புகளுக்கும் கே. எண்தான். வெறுமனே கே. 380 என்று தேடினால் மொஸார்ட்டின் வயலின் சொனாட்டா வந்து நிற்கும். ஸ்கார்லாட்டியின் பெயரையும் ஈ மேஜர் என்பதையும் சேர்த்தே தேடுங்கள். யூடியூபில் தனிநபர்கள் ஏற்றிய காணொளிகளில் கலைஞர் பெயரும் ஆண்டும் தவறாக இருப்பது சகஜம். இசை நிறுவனத்தின் பெயரும் பதிவு ஆண்டும் உள்ளதையே எடுப்பது நல்லது.

நான்கு பதிவுகள்

நான்குக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் போனால் காது களைத்து, எல்லாம் ஒன்றுபோல ஒலிக்க ஆரம்பித்துவிடும். ஒன்றுக்கொன்று தூரமாக உள்ள நான்கைப் பொறுக்க வேண்டும். என் பட்டியல் இது:

முதலில் டீனு லிபாட்டி. ருமேனியக்காரர், 33 வயதிலேயே, 1950இல், இறந்துவிட்டார். 1947இல் லண்டனில் செய்த பதிவு. இரண்டாவது விளாடிமிர் ஹோரோவிட்ஸ். இவர் இந்தச் சொனாட்டாவை 1968இல் நியூயார்க் கார்னகி ஹாலில் தொலைக்காட்சிக்காக நடந்த கச்சேரியிலும் வாசித்தார், 1986இல் மாஸ்கோவிலும் வாசித்தார். முதல் சுற்றுக்கு 1968 போதும். மூன்றாவது ஐவோ போகோரெலிச். 1980 ஷோப்பான் பியானோப் போட்டியில் இவரை இறுதிச் சுற்றுக்கு அனுப்பவில்லை என்று பியானோக் கலைஞர் மார்த்தா ஆர்கெரிச் நடுவர் குழுவிலிருந்தே வெளியேறினார், அந்த போகோரெலிச்தான். பதினைந்து ஸ்கார்லாட்டி சொனாட்டாக்கள் கொண்ட அவருடைய ஆல்பத்தில் இதுவும் இருக்கிறது.

நான்காவது பியானோவே இல்லை. ஸ்காட் ராஸ் வாசித்த ஹார்ப்சிகார்ட், பியானோவுக்கு முந்தைய கட்டை வாத்தியம். 1984–85இல் பிரெஞ்சு வானொலிக்காக 555 சொனாட்டாக்களையும் ஒரே ஆளாகப் பதிவு செய்தவர், 34 குறுந்தகடுகள். பியானோக்காரர்களை ஒப்பிடும்போது இவர் எதற்கு என்று கேட்பீர்கள். இவர் இல்லாமல் மற்ற மூவர் செய்வது என்ன என்று பிடிபடாது. கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

சத்தத்தைச் சமன் செய்வது

பலர் தாண்டிப் போய்விடும் படி இது. இதைச் செய்யாவிட்டால் மீதி எல்லாம் வீண். இரண்டு பதிவுகளில் ஒன்று கொஞ்சம் சத்தமாக இருந்தால் போதும், காது அதையே உயிரோட்டமானது, தெளிவானது என்று சொல்லிவிடும். சத்தம் கூட இருக்கிறது என்ற எண்ணமே நமக்கு வராது. வாசிப்பு மேல் என்றுதான் தோன்றும்.

ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் ஒலியளவைச் சமப்படுத்தும் அமைப்பு உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். அதோடு விட்டுவிடாமல், ஒவ்வொரு பதிவிலும் முதல் பத்து விநாடியை ஓடவிட்டு, நீங்களே வால்யூமைத் திருத்தி, நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போனின் ஸ்பீக்கர் இதற்கு ஆகாது. இடது கை விழும் கீழ் ஸ்வரங்கள் அதில் வராது. இந்த இசையில் பாதி விஷயம் அங்கேதான் நடக்கிறது. சாதாரண ஒயர் ஹெட்ஃபோன் தாராளம்.

லிபாட்டியின் பதிவு மோனோ. பின்னணியில் இரைச்சல் இருக்கும். அரை நிமிடம் பொறுத்தால் காது அதை ஒதுக்கிவிடும். இரைச்சலை முழுக்கச் சுரண்டி எடுத்த மறுபதிப்புகளும் உண்டு. அவற்றில் பியானோவின் மினுக்கமும் சேர்ந்து போய்விடுகிறது. கொஞ்சம் இரைச்சல் உள்ளதே மேல் என்பது என் கட்சி.

நேரத்தைப் பார்த்து ஏமாறாமல் இருப்பது

பதிவின் பக்கத்தில் நிமிடக் கணக்கு போட்டிருக்கும். ஒன்று மூன்றரை நிமிடம், இன்னொன்று ஐந்தரை நிமிடம் என்றால் முதலாமவர் வேகமானவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் பாதிகளைத் திரும்ப வாசிக்காமல் விட்டிருக்கலாம். பழைய 78 சுழற்சித் தட்டில், பெரிய 12 அங்குல அளவில்கூட, ஒரு பக்கத்துக்கு நான்கு நான்கரை நிமிடம்தான் கொள்ளும். அந்தக் காலத்துப் பதிவுகளில் திருப்பங்கள், அதாவது பாதிகளைத் திரும்ப வாசிப்பது, வெட்டுப்படுவதற்கு இதுவே பெரிய காரணம். ஆகவே முதலில் ஒரு தடவை முழுதாகக் கேட்டு, முதல் பாதி திரும்ப வருகிறதா, இரண்டாம் பாதி திரும்ப வருகிறதா என்று மட்டும் குறியுங்கள்.

வேகத்துக்குத் தனிக் கணக்கு. தாளத்தை விரலால் தட்டி, பதினைந்து விநாடியில் எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி, நான்கால் பெருக்குங்கள். தொடக்கத்தில் ஒரு தடவை, கொம்பு உருவம் வந்த பிறகு ஒரு தடவை, இரண்டாம் பாதியில் ஒரு தடவை. மூன்றும் ஒன்றாக இருந்தால் காலப்பிரமாணத்தைக் கட்டிக் காப்பவர். மாறினால், எந்த இடத்தில், எந்தப் பக்கம் மாறுகிறது என்பது உங்கள் முதல் கண்டுபிடிப்பு.

வேகம் எவ்வளவு தூரம் ஆளின் விருப்பம் என்பதற்குக் கனடாப் பியானோக் கலைஞர் க்ளென் கூல்டே சாட்சி. பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸின் தொடக்கத்தில் வரும் ஆரியாவை 1955இல் இரண்டு நிமிடத்துக்குள் முடித்தார். 1981இல் அதே ஆரியாவுக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். இரண்டிலும் திருப்பங்கள் கிடையாது. அதே மனிதர், அதே ஸ்வரங்கள்.

மூன்று இடங்கள்

இதுதான் முக்கியமான வேலை. ஒருவரை முழுதாகக் கேட்டுவிட்டு அடுத்தவரை முழுதாகக் கேட்பதில் பயனில்லை. காதின் ஞாபகம் ரொம்பக் குறுகியது. ஐந்து நிமிடத்துக்கு முன் ஒலித்த டிரில் எப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே இடத்தை நான்கு பேரிடமும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு பதிவிலும் அந்த இடம் எத்தனையாவது நிமிடம், விநாடியில் வருகிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் தாவுவது சுலபம்.

முதல் இடம், தொடக்கத்தின் பத்துப் பதினைந்து விநாடி. டிரில்களைக் கவனியுங்கள். டிரில் என்பது பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் இரண்டை மாற்றி மாற்றி அதிரவிடுவது. பரோக் பழக்கப்படி மேல் ஸ்வரத்தில் தொடங்க வேண்டும் என்பார்கள். பழைய தலைமுறைப் பியானோக்காரர்கள் பலர் எழுதியுள்ள ஸ்வரத்திலேயே தொடங்குவார்கள். வித்தியாசம் சின்னது, ஆனால் மேல் ஸ்வரத்தில் தொடங்கினால் ஒரு கணம் உரசல் வந்து பிறகு தீரும். நேராகத் தொடங்கினால் வெறும் மினுக்கம். பிடிபடவில்லையென்றால் யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள், தெரிந்துவிடும். அடுத்த கேள்வி: எல்லா டிரில்லும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறதா, ஒன்று விரிந்தும் ஒன்று சுருங்கியும் வருகிறதா? டிரில் போடுவதால் அடுத்த அடி ஒரு இம்மி தாமதமாகிறதா? போகோரெலிச்சின் அலங்காரங்கள் கூர்மைக்குப் பேர்போனவை. அவரையும் லிபாட்டியையும் இந்த ஒரு இடத்தில் மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

சொன்னதையே திரும்பச் சொல்வது ஸ்கார்லாட்டியின் பழக்கம். ஒரு சிறு வாக்கியம் வரும், உடனே அதுவே மறுபடி வரும். பியானோக்காரருக்கு இது ஒரு பொறி. அப்படியே இரண்டாம் தடவையும் சொன்னால் சப்பென்றிருக்கும். அதனால் எதிரொலிபோல மெல்லச் சொல்வார்கள். அது எளிய வழி, கொஞ்சம் தேய்ந்த வழியும்கூட. வேறு சிலர் சத்தத்தை மாற்றாமல் தொடுதலை மாற்றுவார்கள்: முதலில் ஸ்வரங்களைச் சேர்த்து, அடுத்து பிரித்து. இன்னும் சிலர் வலது கையை அப்படியே விட்டு, இடது கையில் அதுவரை ஒளிந்திருந்த ஒரு குரலை மேலே கொண்டுவருவார்கள். ஒவ்வொருவரும் திரும்பும் வாக்கியத்தை என்ன செய்கிறார் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்.

இரண்டாவது இடம், கொம்பு உருவம் முதல்முறை வருவதும் அதைத் தொடர்ந்த அரை நிமிடமும். இங்கே இசை இளைத்துப்போகும். வேட்டைக் கொம்புகள் ஒலிப்பதுபோல வெற்று இடைவெளிகள், அதே தாளம் திரும்பத் திரும்ப. பியானோ இங்கேதான் தன் பலத்தைக் காட்டும். மெல்லத் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்கினால் ஊர்வலம் தெருமுனையிலிருந்து நெருங்கி வருவதுபோல ஆகிவிடும். அப்படிப் பெருக்கச் சொல்லிப் பிரதியில் ஒரு எழுத்துகூட இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஹோரோவிட்ஸின் சத்தத்தில் எத்தனை படிகள் இருக்கின்றன என்று எண்ணப் பாருங்கள். மெல்லியதிலேயே பல அடுக்கு வைத்திருப்பவர் அவர்; நாம் மெல்லியது என்று நினைத்த இடத்துக்குக் கீழேயும் இன்னொன்று வைத்திருப்பார். தாளம் இறுக்கமாக நடக்கிறதா, மூச்சு விட்டு நடக்கிறதா என்றும் பாருங்கள்.

இதே இடத்தில் பெடலையும் கேட்கலாம். வலது பெடலை மிதித்தால் கட்டையிலிருந்து கையை எடுத்த பிறகும் ஒலி தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு தட்டலுக்கு நடுவே இருக்கும் சின்ன இடைவெளியைக் கவனியுங்கள். அங்கே சுத்தமான நிசப்தம் இருந்தால் பெடல் இல்லை, அல்லது மிகக் கொஞ்சம். புகைபோல ஏதாவது மிதந்தால் பெடல். ஆனால் கூடத்தின் எதிரொலியும் இப்படி ஏமாற்றும். கூடம் காரணம் என்றால் எல்லா இடைவெளியிலும் ஒரே அளவு மிதக்கும். பெடல் என்றால் ஓரிடத்தில் இருக்கும், அடுத்த இடத்தில் இருக்காது.

மூன்றாவது இடம், மூட்டு. முதல் பாதி முடிந்து மறுபடி தொடக்கத்துக்குப் போகும் இடமும், பிறகு இரண்டாம் பாதிக்குள் நுழையும் இடமும். நிறுத்தி மூச்சு வாங்குகிறாரா, கதவைத் திறந்தபடியே விட்டு நடக்கிறாரா? கடைசி ஸ்வரத்தை எவ்வளவு நேரம் பிடிக்கிறார்? இரண்டாம் பாதியில் கொம்பு உருவம் வேறு வேறு சுருதிகளுக்கு அலைந்து கொஞ்சம் இருண்டு போகும். அந்த இருட்டு வருகிறது என்பதைச் சிலர் மூட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடுவார்கள். சிலர் சொல்லாமல் உள்ளே இழுத்துப் போவார்கள். எனக்கு இரண்டாம் வகையே பிடிக்கும், ஆனால் அது என் ருசி.

திருப்பத்தில் எதையாவது மாற்றுகிறாரா என்பதும் இங்கே வந்துவிடும். முதல் தடவை இல்லாத ஒரு டிரில் இரண்டாம் தடவை முளைக்கும். அல்லது முதல் தடவை பலமாக வந்தது இரண்டாம் தடவை மெல்ல வரும். எதுவுமே மாறவில்லை என்றாலும் எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

நடுவில் ஹார்ப்சிகார்ட்

மூன்று இடத்தையும் பியானோவில் கேட்ட பிறகு ஸ்காட் ராஸைப் போடுங்கள். ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தினால் ஒரு சின்ன முள் தந்தியை மீட்டும். மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றே. ஊர்வலம் படிப்படியாக நெருங்கி வருவதெல்லாம் இதில் விரலால் நடக்காது. அப்படியானால் ராஸ் அந்த இடத்தை என்ன செய்கிறார்? ஸ்வரங்களை எவ்வளவு நேரம் பிடிக்கிறார், எங்கே இம்மி தாமதிக்கிறார், இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே எவ்வளவு வெளி விடுகிறார் என்று கேளுங்கள். எல்லா அழுத்தமும் நேரத்தால் வருகிறது. இதைக் கேட்டுவிட்டு மறுபடி பியானோவுக்குப் போனால், இதுவரை இசைக்குள்ளேயே இருப்பதாக நினைத்த பல விஷயங்கள் பியானோக்காரர் கொண்டுவந்து வைத்தவை என்று புலப்படும்.

அப்படியென்றால் பியானோவில் வாசிப்பதே தப்பா என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். மரியா பார்பராவின் அரண்மனையில் ஹார்ப்சிகார்டுகளோடு பிளாரன்ஸில் செய்த ஆரம்பகாலப் பியானோக்களும் இருந்தன. அவள் இறந்தபின் எடுத்த உடைமைப் பட்டியலில் அவை வருகின்றன. எந்தச் சொனாட்டா எதற்கு என்ற வாதத்தில் புதியவர் தலையிட வேண்டியதில்லை.

ஒரு நடைமுறைச் செய்தி: பழைய வாத்தியங்களைப் பெரும்பாலும் இன்றைய பியானோவைவிட அரைக் கட்டை தாழ்த்திச் சுருதி கூட்டுவார்கள். அதனால் ஹார்ப்சிகார்ட் பதிவு கொஞ்சம் மந்தமாகத் தோன்றினால் அது சுருதி செய்யும் வேலையாக இருக்கலாம். வாசிப்பின் மேல் பழி போடாதீர்கள்.

பெயரை மறைத்துக் கேட்பது

இப்போது நான்கையும் ஒரு பட்டியலில் போட்டு, வீட்டில் யாரையாவது கலைத்துப் போடச் சொல்லுங்கள். திரையைப் பார்க்காதீர்கள். குறித்து வைத்த இடங்களை மட்டும் கேட்டு, இது யார் என்று எழுதுங்கள். ஹார்ப்சிகார்ட் உடனே தெரிந்துவிடும், லிபாட்டியை இரைச்சல் காட்டிக்கொடுக்கும். ஆகவே இந்தச் சுற்றுக்கு நவீன ஸ்டுடியோப் பதிவுகள் இரண்டு மூன்றைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும்.

பெயர் எவ்வளவு தூரம் காதை மயக்கும் என்பதற்கு ஜாய்ஸ் ஹாட்டோ விவகாரம் ஒன்றே போதும். இங்கிலாந்துப் பியானோக் கலைஞர். மேடையை விட்டு விலகிய பிறகு, வயதான காலத்தில், அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட குறுந்தகடுகளை அவருடைய கணவர் வெளியிட்டார். நோயோடு போராடிக்கொண்டு இத்தனையும் வாசித்திருக்கிறாரே என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அவர் 2006இல் இறந்தார். அடுத்த வருடம் ஒருவர், இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் துண்டுகள் கொண்ட அவருடைய குறுந்தகட்டைக் கணினியில் போட, ஐடியூன்ஸ் அது லாஸ்லோ சைமன் என்பவருடைய பதிவு என்று காட்டியது. தோண்டிப் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக வேறு ஆட்களுடைய பதிவுகள். கணவரும் பிறகு ஒப்புக்கொண்டார். காதில் கேட்ட இசையில் தப்பில்லை. நல்ல கலைஞர்கள் வாசித்ததுதான். ஆனால் அதோடு ஒட்டி வந்த கதையையும் சேர்த்தே கேட்டிருக்கிறார்கள்.

எழுதி வைப்பது

பிரமாதம், ஆத்மார்த்தம், தெய்வீகம் போன்ற சொற்களை நோட்டில் எழுதக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் எடுத்துப் பார்த்தால் அவற்றிலிருந்து ஒன்றும் தெரியாது. "தொடக்க வாக்கியம் திரும்பும்போது இடது கை மேலே வருகிறது", "மூட்டில் நிற்கவில்லை", "கொம்பு உருவத்தில் வேகம் கூடுகிறது" என்று எழுதினால் தெரியும். பிடித்தது, பிடிக்கவில்லை என்பதைத் தாராளமாக எழுதலாம், ஆனால் எந்த இடத்தில் என்பதும் சேர்ந்து வர வேண்டும்.

நோட்டேஷன் கொஞ்சம் படிக்கத் தெரிந்தவர்கள் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசப் பிரதி எடுத்துப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: அங்கே எளிதில் கிடைப்பது லாங்கோ பதிப்பு. சத்தக் குறிகளையெல்லாம் லாங்கோ தானே சேர்த்தார். தனக்குக் கரகரப்பாகப்பட்ட ஸ்வரக் கூட்டங்களைச் சில இடங்களில் திருத்தியும் விட்டார். ஸ்கார்லாட்டியின் கைப்பட எழுதிய பிரதிகள் மிஞ்சவில்லை. வெனிஸிலும் பார்மாவிலும் உள்ள கையெழுத்துப் படிகள்தான் ஆதாரம். எனவே இரண்டு பதிவுகளில் ஒரு கூட்டம் வேறுபட்டு ஒலித்தால், இருவரும் வெவ்வேறு பதிப்பை வைத்து வாசித்திருக்கலாம்.

பாக்கிடமும் இந்தத் தொல்லை உண்டு. எல்லாருக்கும் தெரிந்த சி மேஜர் பிரெலூட் 35 பார் (தாளச் சுற்று) கொண்டது. பழைய பதிப்புகள் சிலவற்றில் ஷ்வென்கே என்பவர் நுழைத்த ஒரு பார் கூடுதலாக இருக்கும்.

அடுத்து எதைக் கேட்பது

கே. 380 கைக்கு வந்தபின் கே. 141, டி மைனர். இது நேர் எதிர்த்துருவம்: ஒரே ஸ்வரத்தை மெஷின்போலத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும், இடது கை கிட்டாரை வாரி அடிப்பதுபோலக் கூட்டங்களை விசிறும். ஒரே கட்டையை விரல் மாற்றி மாற்றி அடித்துத்தான் இதைச் சாதிக்கிறார்கள். கட்டை முழுக்க மேலே வருவதற்குள் மறுபடி அடிக்க முடிகிற பொறியமைப்பைப் பியானோ தயாரிப்பாளர் எரார் 1821இல் கொண்டுவந்தார். இன்றைய பெரிய பியானோக்களில் அதுதான் இருக்கிறது. ஆர்கெரிச் 1978இல் ஆம்ஸ்டர்டாம் கச்சேரியில் வாசித்த பதிவைக் கட்டாயம் கேளுங்கள். வேகத்தில் மயங்கிப் போகாமல் இரண்டே கேள்வி: திரும்பத் தட்டும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகக் காதில் விழுகிறதா? இடது கையின் உரசல் மறைக்கப்படுகிறதா, வேண்டுமென்றே முன்னால் வைக்கப்படுகிறதா?

மெல்லிய பக்கம் போக விரும்பினால் கே. 208, ஏ மேஜர். அல்லது கே. 87, பி மைனர். நான்கு குரல்கள் பின்னிப் பின்னிப் போகும் துண்டு, எந்தக் குரலை யார் வெளியே எடுக்கிறார் என்பதே அதில் ஒப்பீடு. பியானோவின் எல்லா வசதியையும் வெட்கப்படாமல் பயன்படுத்தும் வாசிப்பு வேண்டுமென்றால் மிகாயில் பிளெட்னெவின் இரட்டை ஆல்பம் இருக்கிறது. சிலருக்கு அது அத்துமீறல். என்னைப் பொறுத்தவரை ராஸைக் கேட்ட காதுக்கு அவரைப்போலச் சுவாரஸ்யமான எதிராளி கிடைக்கமாட்டார்.

கடைசியாக, ஆட்களை ஒப்பிட்டுச் சலித்தால் ஒரே ஆளை அவரோடேயே ஒப்பிடலாம். கிறிஸ்டியன் ஸகாரியாஸ் பல ஆண்டுகள் கச்சேரி முடிவில் கே. 55, ஜி மேஜர் சொனாட்டாவையே வாசித்து வந்தார். அந்த மேடைப் பதிவுகளைத் தொகுத்து ஒரு குறுந்தகடே வந்திருக்கிறது; தொடக்கத்திலிருந்து முடிவுவரை அதே சொனாட்டா, வேறு வேறு மேடைகள், வேறு வேறு பியானோக்கள். அது கிடைக்கவில்லையென்றால் ஹோரோவிட்ஸின் இரண்டு கே. 380 இருக்கவே இருக்கின்றன. 1986 மாஸ்கோக் கச்சேரிக்குத் தன் ஸ்டெயின்வே பியானோவையே விமானத்தில் கொண்டுபோனார் மனிதர், அப்போது 82 வயது. 1968இல் மூட்டு வரும் இடத்தையும் 1986இல் மூட்டு வரும் இடத்தையும் அடுத்தடுத்துப் போட்டு, வேகத்தை விரலால் எண்ணிப் பாருங்கள்.